ஒரு ராட்வைலருக்கு நான் கொடுத்த நற்சான்று

1

ராட்வைலர் நாய் குடும்பத்துக்கு ஆகுமா என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். ஊரிலிருந்து இன்னமும் கேட்கிறார்கள். நான் இருப்பது ஜெர்மனி, அந்த நாயும் ஜெர்மனி நாய், ஆகவே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அப்படிப் பார்த்தால் ராயபுரத்தில் பிறந்த எனக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். துண்டு போட்டு வைத்துவிட்டால் எது வஞ்சிரம், எது பாறை என்று சொல்லத் தெரியாதவன் நான்.

ஆனாலும் ஒருமுறை சொன்னேன். கேட்டவன் என் தம்பி அமல்ராஜ். அதைப் பற்றி இத்தனை வருடம் யாரிடமும் பேசாததற்குக் காரணம் வெட்கம்தான்.

இப்போது எழுத வைத்தவை இரண்டு. ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, அமலின் மகள் ஜெனி சர்ச்சில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று எடுத்த படங்கள். வெள்ளை கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. பதினேழு படங்கள். பதினேழிலும் வலது கன்னம் மட்டும்தான் தெரிகிறது. பத்து வயதுப் பெண்ணுக்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று இப்போதே பழகிவிட்டது.

இன்னொன்று, எங்கள் குடியிருப்பு நிர்வாகத்தின் கடிதம். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது, டுய்ஸ்பூர்க் நகரின் ஆற்றுத் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்கிறேன், இயந்திரத்தோடு எனக்கு ஜெர்மனில் பேச வரும். கடிதம் வந்தால் மட்டும் மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆனிக்குப் பதினைந்து வயது. நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டுவாள்.

கீழ்த்தளத்தில் இருக்கும் ஸபீனா பஸ் ஓட்டுகிறவர். அவருடைய நாய் புரூனோ ஒரு ராட்வைலர். மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த குடும்பம் அந்த நாய் இருக்கும் கட்டடத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு வாழ முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. ஆகவே ஆறு வீட்டுக்காரர்களும் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆட்சேபம் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். இதுவரை வந்த ஆட்சேபம் ஒன்று. இன்னொன்று வந்தால் புரூனோ வெளியே போக வேண்டும்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆனி சொன்னாள்: "அப்பா, நீங்க வேண்டாம்னு போட்டா நான் உங்ககூட பேச மாட்டேன்."

ஏற்கெனவே அவள் ஒரு நாளைக்கு என்னிடம் பேசுவது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். சாயங்காலம் ஸபீனாவோடு நடக்கப் போகும்போது புரூனோவிடம் பேசுவது அதைப் போலப் பல மடங்கு. என் மனைவி மேரி சிரிப்பாள், "நீங்க நாயா பொறந்திருந்தா மதிச்சிருப்பா" என்று.

2

அமல் என்னைவிட ஒன்பது வயது இளையவன். அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி பெல்ட் ஓடும் இடத்தில் ஒப்பந்த வேலை. கல்மண்டபத்தில் நாங்கள் வளர்ந்த வாடகை வீட்டை விட்டு மாத்தூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிப் போனான். தெருவில் பாதி மனை காலியாகக் கிடந்தது. ஒரே மாதத்தில் பக்கத்து வீட்டு மோட்டார் போனது, இவன் வீட்டு சிலிண்டர் போனது. ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன் மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் தனியே விட்டுப் போக வேண்டும். அவன் பயம் எனக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தான். கையில் கறுப்பாக, கன்னத்தில் பழுப்பாக ஒரு குட்டி.

"ண்ணா, பாத்தியா, உங்கூரு நாயி! திருவொத்தியூர் தோஸ்து ஒருத்தன் குடுத்தான். ரீட்டா தான் பேஜார் பண்றா. வூட்ல கொயந்த கீது, வாணாங்கிறா. நீ சொல்லு, நீ சொன்னா கேப்பா."

ரீட்டா போனை வாங்கினாள். என் தம்பி மனைவி எதையும் நேராகக் கேட்கிறவள். "மாமா, போன்ல பாத்தேன், மூஞ்சியே கொதறிடுமாமே? நெசமா சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா வெச்சிக்கிறேன்."

அன்றைக்கு எனக்குத் தெரிந்த ராட்வைலர் ஒன்றே ஒன்று. அதையும் எதிர் நடைபாதையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அது வருவது தெரிந்தால் சாலையைக் கடந்துவிடுவேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: அந்த ஒரு சொல் நமக்கு வராது. ஊரில் கார் வாங்க, மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க, பையனை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று முடிவெடுக்க நம்மைக் கேட்கிறார்கள். நாமும் சொல்கிறோம். அவ்வளவு தூரம் போய் இவனுக்கு என்னதான் தெரியும் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

"இங்க வூட்டுக்கு வூடு கீதும்மா" என்றேன். "கொயந்தைங்களோட ஒரே கட்டில்ல படுத்துகினு கீது. ஒண்ணும் பண்ணாது. எல்லாம் வளக்குறதுல கீது."

ரீட்டாவின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, சொல்வதற்கு என்ன.

அமல் கேட்டான்: "எப்டி வளக்கணும்ண்ணா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

3

எங்கள் அப்பா துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்குக்குக் காவலாளி. அங்கே ராஜா என்று ஒரு கறுப்பு நாய் இருந்தது. அதற்கு அப்பா மட்டும்தான் சோறு போடுவார். அவர் இல்லாத நாளில் அது பட்டினி. "நாலு பேர் கையால துண்ற நாயி, திருடன் போட்டாலும் துண்ணும்டா. ஒரே கை சோறு துண்ணாத்தான் காவல் காக்கும்" என்பார். தட்டுப் பக்கம் வேறு யாராவது போனால் ராஜா பல்லைக் காட்டும். அப்பா அதற்காகவே அதைத் தட்டிக் கொடுப்பார்.

வாயில் வந்தது அதுதான். "ஜெர்மன்காரன் எப்டி வளக்கிறான் தெரியுமா? ஒரே கை சோறு. நீ மட்டும் போடு. ரீட்டா போடக் கூடாது, பாப்பா போடக் கூடாது. துண்ணும்போது தட்டாண்ட யாரும் போவக் கூடாது."

அப்பா இறந்தபோது அமலுக்கு எட்டு வயது. அவனுக்கு ராஜாவும் தெரியாது, அப்பாவின் நாய் சாஸ்திரமும் தெரியாது. அப்பா சொன்னது என்று சொல்லியிருந்தால், அது அந்தக் காலம்ண்ணா என்று சிரித்திருப்பான். ஜெர்மன்காரன் என்றதும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டான்.

இன்னொன்றையும் நான் சொல்லவில்லை. அப்பா அந்த ராஜாவை ஒரு நாளும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. வேலை முடிந்ததும் அதைக் கிடங்கில் விட்டுவிட்டு எங்களிடம் வந்துவிடுவார்.

குட்டிக்கு சீசர் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் நாயிடம் மட்டும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அமல் தன் வாழ்க்கையில் பேசிய இங்கிலீஷ் முழுவதும் சீசரிடம் பேசியதுதான். கம், கோ, சிட், ஷேக் ஹேண்ட். இரண்டு வருடம் வீடியோவில் எனக்குக் கை கொடுத்தது அந்த நாய். தெருவில் ஒரு திருட்டு இல்லை. "ஐடியா குடுத்தது யாரு, எங்க அண்ணன்ல" என்று அமல் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

4

ஜெனிக்கு ஐந்து வயதானபோது ஒரு புயல் மழை. எண்ணூர் பக்கம் சாலையெல்லாம் தண்ணீர். ஷிஃப்ட் மாற்ற வேண்டியவர்கள் வந்து சேர முடியாமல் அமல் வேலையிடத்திலேயே மாட்டிக்கொண்டான். ஒரு நாள் போய் இரண்டாம் நாளும் ஆனது. மாடிப்படிக்குக் கீழே சங்கிலியில் கிடந்த சீசருக்கு யாரும் சோறு வைக்கவில்லை.

ரீட்டா போன் செய்து கேட்டிருக்கிறாள், அழுகிறது, கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று. அமல் சொன்ன பதில்: "நீ கிட்ட போவாத. அண்ணன் சொல்லிக்கீது. நான் வந்து வெக்கிறேன்."

பெரியவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். குழந்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா துணி எடுக்க மாடிக்குப் போன நேரத்தில் ஜெனி தன் தட்டிலிருந்த மீன் குழம்புச் சோற்றைக் கொண்டுபோய் சீசரின் முன்னால் கொட்டினாள். தூரப் போய் விழுந்த ஒரு துண்டை அதன் பக்கம் தள்ளிவிட மறுபடி குனிந்தாள். இடது காதுக்குக் கீழிருந்து உதடு வரை. இருபத்திமூன்று தையல்.

எல்லாவற்றையும் நான் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். தெருவே சொன்னது, அந்த நாய் அப்படிப்பட்ட நாய் என்று. உறவுக்காரர்கள் அன்றைக்கே சொன்னோமே என்றார்கள். பத்து நாள் கண்காணித்து, வெறி இல்லை என்று தெரிந்ததும் அமல் அதை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கொண்டுபோய் விட்டான். அடுத்த கோடையில் அங்கே சங்கிலியிலேயே செத்துப் போனது.

நான் என்ன செய்தேன்? போனில், "அந்த ஜாதி நாயே அப்படித்தான் போலக்கீது" என்றேன். குழந்தைகளோடு கட்டிலில் படுக்கும் என்று சொன்ன அதே வாய். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நீங்க இன்னா பண்ணுவீங்க மாமா, நல்லதுன்னு நெனச்சுதான சொன்னீங்க" என்று ரீட்டாதான் என்னைத் தேற்றினாள்.

5

கடிதம் வந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே பின் முற்றத்தில் ஸபீனா புரூனோவுக்குச் சாப்பாடு வைத்தார். அது தலையைக் குனிந்து தின்னத் தொடங்கியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.

"ஏய்! கைய எட்றீ! எட்றீ கைய!"

அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு தமிழ் அதற்கு முன் கேட்டதில்லை. செருப்பில்லாமல் இரண்டு மாடி இறங்கி ஓடினேன். புரூனோ நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தின்றது. "சிட்! சிட்!" என்று கத்தினேன். அதற்கு ஜெர்மன்தான் தெரியும். மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது.

"அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் ஆனி. அவள் முகம் சிவந்துவிட்டது.

அவள் கையில் ஒரு கோழித் துண்டு இருந்தது. அதைப் போடத்தான் கையை விட்டிருக்கிறாள். ஸபீனா என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விளக்கினார். நாங்கள் இருக்கும் ஜெர்மன் மாநிலத்தில் இந்த வகை நாய் வைத்திருக்க வளர்ப்பவருக்கும் பரீட்சை, நாய்க்கும் பரீட்சை. வளர்ப்பவர்மேல் வழக்கு இல்லை என்று சான்றிதழ், காப்பீடு, வாய்க்கூடு, அதற்கு ஒரு அனுமதி, இதற்கு ஒரு அனுமதி. அந்தப் பரீட்சைக்கான பாடத்தில் முதலில் கற்றுக்கொண்டதே இதுதானாம்: குட்டியாக இருக்கும்போதே வீட்டில் உள்ள எல்லோர் கையாலும் அது தின்ன வேண்டும். கிண்ணத்தருகே கை வந்தால் எடுக்க வரவில்லை, கொடுக்க வருகிறது என்று அதற்குப் பழக வேண்டும்.

"ஆனாலும் சின்னக் குழந்தையோடு இவனைத் தனியாக விட மாட்டேன்" என்றார். "ஐம்பது கிலோ. எனக்கு இவன் செல்லம், அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது."

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன்: "ஒரே ஒரு ஆள்தான் சாப்பாடு போட வேண்டும் என்று சொல்வார்களே?"

அவர் சிரித்துவிட்டார். "குழந்தை இருக்கும் வீட்டிலா? யார் அப்படிச் சொன்னது?"

"எங்கள் ஊரில் சொல்வார்கள்" என்றேன்.

ஊரில் ஜெர்மன்காரன் தலையில் கட்டினேன். ஜெர்மன்காரியிடம் ஊர்மேல் பழியைப் போட்டேன். இரண்டுக்கும் நடுவில் நான் ஒருவன் இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வரவில்லை. இத்தனைக்கும், இடத்தின் பெயரைக் கேட்டே ஆளை எடைபோடுவது எப்படி வலிக்கும் என்று தெரியாதவன் இல்லை நான். இளம் வயதில் நகரத்தின் தென் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். ராயபுரம் என்று சொன்னதும் எதிரில் இருந்தவர் மேஜைமேல் கிடந்த தன் கைபேசியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அன்று அவர்மேல் வந்த கோபம் இன்றும் இருக்கிறது. சீசர் விஷயத்தில் மட்டும் அந்த மனுஷனைப் போலவே நடந்துகொண்டேன்.

6

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து வந்து அமலுக்குப் போன் போட்டேன். ஒன்று சொல்லணும், தனியாக வா என்றேன். அவன் மொட்டை மாடிக்கு ஏறும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, கிடங்கு, ராஜா, எதையும் விடவில்லை. நடுவில் லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"கீறேன், சொல்லு" என்றான்.

முடித்தேன்.

"அப்போ அது நம்ப அப்பா சொன்னதா?"

"ஆமா."

"ஜெர்மன்காரன் சொல்லல?"

"இல்லடா."

அவன் சொன்னான்: "தெரியாதுன்னு சொல்லிருக்கலாமேண்ணா."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதேன். ரீட்டாவிடமும் நானே சொல்லிவிடுகிறேன், அவள் காலில் விழுகிறேன் என்றேன்.

"வாணாம்" என்றான். இப்போது அவன் குரல் மாறியிருந்தது. "ரீட்டா கேட்டாண்ணா, சோறு வெக்கட்டான்னு. நான்தான் வாணாம்ண்டேன். நீ இத்த சொன்னா அவ மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பா. அவளுக்கு இன்னா சொல்வேன்? நாயத் திட்டிகினே அஞ்சு வருசம் ஓட்டிட்டோம். ஜெனியும் அத்ததான் திட்டுது. அது செத்துப்போச்சு, அதுக்கு இன்னா ஆவப்போவுது. அப்டியே இருக்கட்டும் வுடு."

அவன் போனை வைத்துவிட்டான்.

7

கட்டத்தில், ஆட்சேபம் இல்லை என்று குறித்தேன். இந்த நாயால் உங்களுக்குக் கெட்ட அனுபவம் ஏதாவது உண்டா என்று கீழே ஒரு கேள்வி. இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆனியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு நாளாயிற்று அவள் அப்படிச் செய்து. சந்தோஷப்படும் நிலையில் நான் இல்லை.

அதற்கு மறுநாள் ரீட்டாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஆனி புரூனோவோடு எடுத்துப் போட்ட படத்தை ஜெனி தன் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள்.

"மாமா, அதே நாயி மாமா! ஆனிய கூட வுடாதீங்க. பாக்க சாதுவாத்தான் இருக்கும், எங்க வூட்லயும் அப்டித்தான் இருந்துச்சு. அந்த ஜாதியே கெட்ட ஜாதி. உங்களையே ஏமாத்துன நாயி மாமா அது. எம்பொண்ணுக்கு ஆனது ஆனிக்கு ஆவக் கூடாது. நான் இன்னாத்த சொல்றது, உங்களுக்குத் தெரியாததா."

மூன்று தடவை பதில் பதிவு செய்தேன், மூன்றையும் அழித்தேன். கடைசியில், 'சரிம்மா, பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதி அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு உட்கார்ந்து இதை எழுதினேன். ராட்வைலர் வீட்டுக்கு ஆகுமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: எனக்குத் தெரியாது. யார் சோறு போடுவார்கள், வீட்டு ஆள் வர முடியாத நாளில் யார் போடுவார்கள், அந்த நேரத்தில் குழந்தை எங்கே இருக்கும் என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் இல்லை என்றால் வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறவனைக் கேட்காதீர்கள்.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அமலுக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று சொன்னால் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள், வேலையிடத்து இரைச்சலுக்கு நடுவிலிருந்து அவன் குரல் வந்தது.

"படிச்சேண்ணா. போட்டுக்க. ரீட்டா கண்ல பட்டா படட்டும், அப்பால நான் பாத்துக்கிறேன். எங்க பேரெல்லாம் மாத்திடு. சீசர் பேர மட்டும் மாத்தாத."

மாற்றவில்லை.